மணல் இல்லாத ரீல்

இது மிக்சி பாகம் இல்லை, பாப்பா. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். செங்குன்றத்தில் ஏறும்போது கண்டக்டர்கூட, "இன்னாம்மா, மிக்சி ரிப்பேரா?" என்று கேட்டார். தூண்டில் ரீலின் கைப்பிடி இது. இரண்டு ரீலுக்கு இரண்டு. பயப்படாமல் நன்றாக உட்கார். கிரீசைத் துடைத்துவிட்டேன், உன் துப்பட்டாவில் ஒட்டாது.

மீன் பிடிக்கிறது நான் இல்லை. எங்கள் வீட்டுக்காரர். நான் பராமரிப்பு மட்டும்தான். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பழவேற்காட்டுக்குப் போவார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் இரண்டு தூண்டிலையும் பிரித்துப் பார்த்து, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுப்பேன். எட்டு வருஷமாக இதுதான் வழக்கம். நேற்றுதான் முதல் தடவையாகத் தவறிவிட்டேன். கைப்பிடிகளைக் கழற்றி, திருகுக்கு எண்ணெய் போட்டு, டிபன் டப்பா மூடியில் வைத்திருந்தேன். மாட்ட மறந்துவிட்டேன். காலையில் அவர் போன பிறகு, தரையில் விரித்த பேப்பரை மடிக்கும்போது பார்க்கிறேன், இரண்டும் மூடியிலேயே கிடக்கின்றன. கைப்பிடி இல்லாமல் ரீலைச் சுற்ற முடியாது. தூண்டில் நரம்பை வீசலாம், திரும்ப இழுக்க முடியாது. மனுஷன் அங்கே போய் என்ன செய்வார்? என் தவறுதான். என் மேல் தவறு என்றால் அந்த நிமிஷமே ஒத்துக்கொள்கிற ஆள் நான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

சாதாரணமாக எனக்குத் தவறாது. அம்பத்தூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் நான் தேட வேண்டாம், கண் தானாகப் போய் அங்கே நிற்கும். சூப்பர்வைசர் சொல்வார்: "ரஞ்சிதம் பாத்துட்டா அப்புறம் வெளிநாட்டுக்காரன் பாக்க வேணாம்." அப்படி ஒரு பெயர் எனக்கு.

இவருக்கு முன்பெல்லாம் மீன் பிடிக்கிற பழக்கமே கிடையாது, தெரியுமா? ஒரு தனியார் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தார். புழுவைக் கண்டால் காலைத் தூக்கிக்கொள்வார். மீன் வாங்கப் போனால் மார்க்கெட் வாசலிலேயே நின்றுவிடுவார். எங்கள் மகள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பாரிமுனையிலிருந்து இரண்டு தூண்டிலோடு வந்து நிற்கிறார்.

"இன்னாங்க இது?"

"மீன் புடிக்கப் போறேன்."

"நீங்களா?"

"டாக்டர் சொன்னாரு. பிரஷருக்கு நல்லதாம்."

"எந்த டாக்டரு?"

"ஒரு டாக்டரு."

போய்விட்டு வந்தார். வந்து இரண்டையும் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பொருள் என்றால் பராமரிப்பு வேண்டாமா? அடுத்த வாரம் ரீலைப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைக் கடைக்கே போய்விட்டேன். கடைக்காரர் ஒரு பெரியவர், நின்றபடியே எல்லாம் சொல்லிக்கொடுத்தார். "வாங்குனவன் எவனும் வந்து கேட்டதில்ல. வாங்குனவன் சம்சாரம் வந்து கேக்குறது இதான் மொத தபா" என்றார்.

முதலில் கோலைப் பிரிக்க வேண்டும். மூன்று துண்டு. இணைகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் மாட்டும்போது இறுகும், கழற்றும்போது விடும். அப்புறம் வளையங்கள், நரம்பு ஓடுகிற வழி. வளையத்துக்குள் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுற்றினால் விரிசல் பஞ்சைப் பிடித்து இழுக்கும். தூண்டில் முள்ளை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். கோடு போட்டால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மழுங்கிவிட்டது. முள்ளை நரம்பில் கட்டுவதும் நான்தான். ஏழு சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்குவேன். எச்சில் படாமல் இறுக்கினால் நரம்பு உரசுகிற சூட்டில் வெந்துவிடும். இதெல்லாம் எத்தனை ஆம்பிளைகளுக்குத் தெரியும் என்கிறாய்?

கடைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "உப்புத் தண்ணிம்மா. ரீலுக்குள்ள வெள்ளையா பூத்துடும். மணலு பூந்துடும். கடைசி ரெண்டு மூணு அடி நரம்பு கல்லுல ஒரசி சொரசொரன்னு ஆயிடும். அத்த வெட்டிப் போட்டுட்டுப் புதுசா முள்ளு கட்டு." நானும் மாதாமாதம் திறந்து பார்க்கிறேன். உப்பு இல்லை. மணல் இல்லை. நரம்பு உன் தலைமுடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. நான் கட்டின முடிச்சு கட்டினபடியே திரும்பி வருகிறது. முள் நகத்தில் கோடு போடுகிறது. எட்டு வருஷம், பாப்பா. அப்படி ஒரு பாங்கு. கடலுக்குப் போய்விட்டு வருகிற பொருளை அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்ள எங்கள் தெருவில் எந்த ஆம்பிளையாலும் முடியாது. எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தடவை அவரிடமே கேட்டேன்.

"ஒரு துளி மணலு இல்லியேங்க, எப்பிடி?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அடுத்த மாதம் ரீலைத் திறக்கிறேன், அரை ஸ்பூன் மணல் கொட்டுகிறது. உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கடல் மணல் பழுப்பாக, உருண்டையாக இருக்கும். இது சாம்பல் நிறம். கையில் குத்துகிறது. எம்-சாண்ட். வீடு கட்டப் போடுவார்களே, அது.

"கடற்கரைல ஏதுங்க எம்-சாண்டு?"

"அங்க... ஏதோ கட்டுறாங்க."

"தண்ணிக்குள்ளயா?"

"கரைல."

நன்றாகத் திட்டினேன். யார் என்ன கட்டினால் நமக்கென்ன, ரீலைக் கொண்டுபோய் மணல் குவியலில் வைக்கலாமா? பல்சக்கரம் தேய்ந்துபோகாதா? பத்து நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அதோடு சரி, அதற்குப் பிறகு மணலே கிடையாது. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷன். அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்து, புழுதி. காரனோடை தாண்டினால் இப்படித்தான்.

வெறுங்கையோடு வந்ததே இல்லை. மடவை கொண்டுவருவார். மடவை தூண்டிலில் சுலபத்தில் கடிக்காது என்று கடைக்காரர் சொல்வார், இவருக்குக் கடிக்கிறது. ஒரு மாதம் வஞ்சிரம், அதுவும் பாதி. மீதிப் பாதி எங்கே என்றதற்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நல்ல மனசு. மீன் வரும்போதே செதில் எடுத்து, துண்டு போட்டு, மஞ்சளும் கல்லுப்பும் பிரட்டி வந்துவிடும். படகுத்துறையில் ஒரு அம்மா செய்து கொடுக்கிறார்களாம். யாரோ தெரியாது, ஆனால் தேர்ந்த கை. துண்டு சாய்வாக இருக்கும். தலையைப் பிளக்காமல், செவுளை மட்டும் சுத்தமாக எடுத்து, முழுசாக வைத்திருப்பாள். எங்கள் மாமியார் அப்படித்தான் வெட்டுவார். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. மூத்த மருமகளுக்கு வரும். அவளைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரி, வாயில் வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். அமிர்தம் என்று பெயர். எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் கஜேந்திரன் இருக்கிறாரே, அவருடைய சம்சாரம். எனக்கு ஓரகத்தி. பொன்னேரியில் வீடு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். இந்தப் பஸ் அந்த வழியாகத்தான் போகும். போகட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் மகளுடைய கல்யாணப் பத்திரிகை. நான்தான் புரூஃப் பார்த்தேன், மூன்று தடவை. தங்கள் நல்வரவை விரும்பும் என்று போடுவார்களே, அதில் என் அண்ணன் பெயர், என் தம்பி பெயர், என் சித்தப்பா மகன் பெயர். மழலைகள் வரிசையில் என் தம்பியின் ஏழு மாதக் குழந்தை பெயர்கூட உண்டு. மண்டபத்து முகவரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைக்கூடப் பிடித்துவிட்டேன். ஐந்நூறு அடித்து வந்தது. முதல் பத்திரிகை அண்ணனுக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் பொன்னேரிக்குப் போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தோம். அமிர்தம் அக்கா எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"ரஞ்சிதம், இதுல உங்க அண்ணன் பேரு கீது, தம்பி பேரு கீது. எங்க வூட்டுக்காரரு பேரு எங்க?"

வேண்டுமென்றா விட்டேன்? விட்டுப்போயிருந்தது. ஐந்நூறும் அடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன சொல்ல முடியும், நீயே சொல்.

"எடம் பத்தலக்கா" என்றேன்.

"பொண்ணுக்குப் பெரியப்பா. அவருக்கு எடம் பத்தல. புள்ளையாருக்கு ரெண்டு பக்கமும் வாழமரம் நிக்குதே, அதுல ஒண்ண வெட்டியிருந்தா எடம் வந்திருக்கும்ல?"

பார்த்தாயா, எவ்வளவு வாய்? சாமி படத்தை இழுக்கிறாள். அவருடைய அண்ணன் பத்திரிகையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாப்ட்டுப் போங்க" என்றார். நான் சாப்பிடவில்லை. கல்யாணத்துக்கு வந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அட்சதை போட்டுவிட்டு, பந்திக்கு வராமல் போய்விட்டார்கள். அத்தனை பேர் பார்க்க, சாப்பிடாமல். அது எனக்கு அவமானம் இல்லையா? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொல்லிவிட்டேன்: "அந்த வாசப்படிய நீங்க மிதிச்சீங்கன்னா இந்த வாசப்படி உங்களுக்குக் கெடையாது." சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம்தான் தூண்டில் வாங்கினார். மனசு மாற ஒரு பொழுதுபோக்கு. நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை. "தெரியாம சொல்லிட்டேன் ரஞ்சிதம்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். எட்டு வருஷமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருடைய அண்ணனுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டதாகச் சொந்தத்தில் ஒருத்தர் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன், எடுத்து இவரிடம் கொடுத்தேன். பேசிவிட்டு வைத்தார். சமையலறை வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போகட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, போங்கள் என்று நானும் சொல்லவில்லை. அந்த மாதம் மட்டும் நான்கு தடவை மீன் பிடிக்கப் போனார். வருத்தம் இருக்கும் இல்லையா, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆறும்.

அதிலிருந்து ஒரு வாசனை வர ஆரம்பித்தது. கோலின் அடியில் கை பிடிக்கிற இடம் தக்கையில் செய்திருப்பார்கள். தக்கை வாசனையை விடாது. இறாலை இரையாகப் போட்டால் இறால் வாசனை அடிக்க வேண்டும். இவருடைய தக்கையில் தைல வாசனை. நாட்டு மருந்துக் கடையில் கை கால் வராதவர்களுக்குத் தேய்க்கக் கொடுப்பார்களே, கருப்பாக, அந்தத் தைலம். சீயக்காய் போட்டுக் கழுவினாலும் போகவில்லை.

"தோளு வலி ரஞ்சிதம். வீசி வீசி."

"எந்தத் தோளு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலது" என்றார். அன்றிலிருந்து மாதாமாதம் அந்த வெள்ளிக்கிழமை ரீலுக்கு எண்ணெய் போட்டு முடித்ததும் அவருடைய வலது தோளுக்கும் நான் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை, "போதும் ரஞ்சிதம், எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றார். வலி அவ்வளவு.

இன்று காலைக் கதைக்கு வருகிறேன். கைப்பிடிகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, செங்குன்றத்தில் நின்றபடி போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவரே பண்ணினார்.

"இன்னா ரஞ்சிதம், கூப்ட்டியா?"

"சும்மாதான். மீனு மாட்டுச்சா?"

"ஒரு கொடுவா. ரெண்டு கிலோ இருக்கும். இழுத்து இழுத்துக் கையே வுட்டுப்போச்சு."

"ரீலு நல்லா சுத்துதா?"

"வெண்ணெ மாதிரி சுத்துது. நீ பாத்துக் குடுத்தா கேக்கணுமா?"

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

கைப்பிடி இரண்டும் என் கையில் இருக்கின்றன. சொல்ல வாயெடுத்தேன். என்னமோ, சொல்லவில்லை. "வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பழவேற்காடு என்று டிக்கெட்டும் வாங்கிவிட்டேன்.

என்ன? அப்படியானால் ஏன் பழவேற்காட்டுக்குப் போகிறேன் என்றா கேட்கிறாய்?

நல்ல பெண் நீ. இத்தனை நேரம் வாயே திறக்கவில்லை, திறந்தால் இதைத்தானா கேட்பாய்?

செக்கிங்கில் ஒன்று உண்டு, பாப்பா. நூறு சட்டையில் நாலு சட்டை தள்ளுபடி ஆனால் அது நியாயம். நூறும் சரி என்று ஒருத்தி கையெழுத்துப் போட்டால் சூப்பர்வைசர் சட்டையைப் பார்க்க மாட்டார், அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வார். நான் எட்டு வருஷமாக மாதாமாதம் நூறும் சரி என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். அண்ணனைப் பார்க்கப் போகிறேன் ரஞ்சிதம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா என்கிறாய். விட்டிருக்க மாட்டேன். அது வேறு. அதற்காக இத்தனை வருஷமாக ஒரு மனுஷன் பஸ்ஸில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய், அதை ஒரு மூலையில் சாய்த்துவிட்டு, அண்ணனுக்குக் காலைத் தேய்த்துவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு வருவதா? எவ்வளவு நீளம் தெரியுமா, அந்தப் பை? கூட்டத்தில் யார் கண்ணிலாவது குத்திவிடுமே என்று வழியெல்லாம் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அறுபத்தொரு வயசு அவருக்கு.

தச்சூர் கூட்டுச்சாலை போய்விட்டதா? அப்படியானால் அடுத்தது பொன்னேரிதான். நான் அங்கே இறங்கிக்கொள்கிறேன்.

தப்பாக நினைக்காதே. சண்டையை முடிக்கப் போகவில்லை. சண்டை இருக்கிறபடி இருக்கும். அவள் சொல்ல வேண்டியதை அவள்தான் சொல்ல வேண்டும். பொருளை ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. வாசலில் நின்றே கொடுத்துவிடுவேன். அண்ணன் படுக்கையில் இருக்கிறார், வாசலிலிருந்து கேட்டால் அவர் காதில் விழாது. அதனால் ஒரு நிமிஷம் உள்ளே போய், எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேட்பேன். அது மரியாதை. சமாதானம் வேறு, மரியாதை வேறு.

இவரை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவார். அமிர்தம் அக்கா முன்னால், படுத்திருக்கிற அண்ணன் முன்னால், அவர் பொய்க்காரராக நிற்கக் கூடாது. நான் எதுவும் கேட்கப் போவதில்லை. விடியற்காலையில் மீன் பிடித்தார், திரும்பி வரும் வழியில் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அப்படித்தான் தெரியும்.

அவள் சாப்பிடச் சொல்வாள். சொல்லாமல் இருக்க மாட்டாள், அவள் புத்தி எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கொடுவா பிடித்தேன் என்று அவர் வாயால் என்னிடம் சொல்லிவிட்டார். இப்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். புருஷன் பிடித்த மீனைப் பெண்டாட்டியே தொடாமல் எழுந்து வந்தால், அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாதா?

காலைக் கொஞ்சம் ஒதுக்கு, பாப்பா, இறங்க வேண்டும். இரண்டு துண்டு சாப்பிடுவேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.